ஜூலை மாதத்துப் பிள்ளைகள்

ஆசிரியர் தின வாழ்த்து அனுப்பிய எல்லாருக்கும் நன்றி. தனித்தனியாகப் பதில் போட விரல் ஒத்துழைக்கவில்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள். வாழ்த்தோடு சேர்த்து ஏழெட்டுப் பேர் ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறீர்கள்: "டீச்சர், அந்தப் பதினைந்து வயதுப் பையன் எப்படி? நீங்கதான் நேரில் பார்த்தீங்களே." குடும்பக் குழுவிலும் இதே பேச்சுதான். அங்கே கேள்வி கூடக் கிடையாது, நேராகத் தீர்ப்பு. ஒருவருக்கு அவன் அடுத்த மெஸ்ஸி. இன்னொருவருக்கு (லிவர்பூல் கட்சி, பெயர் சொல்ல வேண்டியதில்லை) எல்லாம் வெறும் விளம்பரம். ஆகவே எல்லாருக்கும் சேர்த்து ஒரே பதிவாக எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளும். என் வகுப்பில் உட்கார்ந்தவர்களுக்கு அது புதிதல்ல.

பையன் பெயர் மேக்ஸ் டௌமன். ஆர்சனல். 2009 டிசம்பர் 31 அன்று பிறந்தவன். ஜூலை 23, புதன்கிழமை, நம் தேசிய விளையாட்டரங்கத்தில் ஏசி மிலானுக்கு எதிராக இரண்டாம் பாதியில் இறங்கினான். ஆர்சனல் 1-0, சாக்கா கோல். நான்கு நாள் கழித்து ஞாயிற்றுக்கிழமை அதே திடலில் நியூகாசலுக்கு எதிராக மறுபடி இறங்கினான். 2-2 என்று இருந்த ஆட்டத்தில், பெனால்டி எல்லைக்குள் பந்தோடு புகுந்தவனைத் தள்ளிவிட்டார்கள். ஓடகார்ட் பெனால்டியை அடித்து 3-2 ஆக்கினார். இரண்டு ஆட்டங்களுக்கும் போயிருந்தேன். முழங்கால் வலியோடு அத்தனை படிகளையும் ஏறி இறங்கியதை என் மகள் இன்னும் மன்னிக்கவில்லை.

பையனைப் பற்றிப் பேசுவதற்கு முன் ஜூலை மாதத்து ஆட்டங்களைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். ப்ரீ சீசன் என்பது தேர்வு அல்ல, விடுமுறை முடிந்து பள்ளி திறந்த முதல் வாரம். பெரிய ஆட்டக்காரர்களுக்குக் கால் கனமாக இருக்கும். காலையில் கடும் உடற்பயிற்சி செய்துவிட்டு மாலையில் ஆட வருவார்கள். ஆகஸ்டில் லீக் தொடங்கும்போது உடம்பு தயாராக இருக்க வேண்டும் என்பதுதான் அவர்கள் கணக்கு. யார் ஜெயித்தார்கள் என்பதில் யாருக்கும் அக்கறை இல்லை. அறுபதாவது நிமிடத்தில் அணியில் பாதிப்பேர் மாறிவிடுவார்கள். எதிரணி ஒரு வாரம் முன்பாகப் பயிற்சி தொடங்கியிருக்கும், அல்லது ஒரு வாரம் பின்னால். இந்த வெயிலும் புழுக்கமும் அவர்களுக்குப் பழக்கமே இல்லை. ஆனால் பதினேழு, பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு இது பயிற்சி ஆட்டம் அல்ல. நிர்வாகி தன்னைப் பார்க்கிற அந்த இருபது நிமிடம்தான் அவனுடைய ஆண்டு. எதிரே நிற்பவர் காலைக் காப்பாற்றிக்கொண்டு ஆடுவார். இவன் உயிரைக் கொடுத்து ஓடுவான். அதனால்தான் ஜூலையில் எல்லாப் பிள்ளைகளும் மேதைகளாகத் தெரிகிறார்கள்.

இன்னொரு விஷயமும் உண்டு. உலகக் கிண்ணமோ கண்ட அளவிலான போட்டியோ நடந்த கோடையில் மூத்தவர்கள் விடுமுறையில் இருப்பார்கள். ஊர் ஊராக ஆடப் போகும் அணியில் இடம் காலியாக இருக்கும், நிரப்பச் சிறுவர்களைக் கூட்டிப் போவார்கள். அப்படி வந்தவன் ஆடினான் என்பதால் அவனுக்கு இடம் கிடைத்துவிட்டதாக நினைக்கக் கூடாது. இந்த முறை அப்படி இல்லை. அமெரிக்காவில் நடந்த கிளப் உலகக் கிண்ணத்தில் ஆர்சனல் ஆடவில்லை. மூத்தவர்கள் பெரும்பாலும் சிங்கப்பூருக்கு வந்திருந்தார்கள். அப்படியிருந்தும் ஒரு பதினைந்து வயதுப் பையனை இரண்டு ஆட்டங்களிலும் இறக்கினார் அர்டெட்டா. டௌமனைப் பற்றி எனக்கு முதலில் நம்பிக்கை வந்தது அவனுடைய கால் வித்தையால் அல்ல, இந்தக் கணக்கால்தான்.

சரி, ஆட்டம். நியூகாசல் ஆட்டத்துக்கு என் தங்கை பேரனைக் கூட்டிப் போயிருந்தேன். அவனுக்குப் பதின்மூன்று. பள்ளியில் காற்பந்து ஆடுகிறவன். கண் எப்போதும் பந்தின் மேலேயே இருக்கும், எல்லாரையும் போல. டௌமன் இறங்கியதும் அவனிடம் சொன்னேன்: "பத்து நிமிஷத்துக்குப் பந்தைப் பார்க்காதே. அந்தப் பையனை மட்டும் பாரு. பந்து அவன்கிட்ட இல்லாதப்போ என்ன பண்றான்னு எனக்குச் சொல்லு." முகத்தைச் சுளித்தான். டிக்கெட் விலைக்குப் பந்தைப் பார்க்காமல் இருப்பதா என்ற நியாயமான கேள்வி அந்த முகத்தில் இருந்தது. ஆனால் பார்த்தான். கொஞ்ச நேரத்தில், "பாட்டி, அவன் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கிட்டே இருக்கான். பந்து வர்றதுக்கு முன்னாடியே பின்னால யாரு நிக்கிறாங்கன்னு பார்க்கிறான்" என்றான். பிறகு, "பந்து அவன்கிட்ட வர்றப்போ அவன் நின்னுக்கிட்டு வாங்கறதில்ல, பாதி திரும்பியே வாங்கறான்."

முக்கால் மதிப்பீடு அதிலேயே முடிந்துவிட்டது. அந்தத் தலைத் திருப்பலை வித்தையாக யாரும் காணொளியில் வெட்டிப் போட மாட்டார்கள். ஆனால் பந்து காலுக்கு வந்தபின் யோசிக்கிறவனுக்குப் பெரியவர்கள் ஆட்டத்தில் நேரம் இருக்காது. சிறுவர் ஆட்டத்தில் மூன்று வினாடி கிடைக்கும் இடத்தில் அங்கே ஒன்றுதான். டௌமன் அந்த ஒரு வினாடியை முன்கூட்டியே சம்பாதித்து வைத்துக்கொள்கிறான். இடது கால்காரன், வலப்பக்கம் நின்று உள்ளே வெட்டி வருகிறான். பந்து காலோடு ஒட்டியே ஓடுகிறது. இதெல்லாம் நீங்களே பார்த்திருப்பீர்கள்.

நான் பார்க்கும் அடுத்த விஷயம், பந்தைப் பறிகொடுத்தபின் முதல் ஐந்து வினாடி. மிலான் ஆட்டத்திலும் சரி, நியூகாசல் ஆட்டத்திலும் சரி, அவன் பந்தை இழந்த தருணங்கள் இருந்தன. எனக்குப் பின்வரிசையில் இருந்த ஒருவர் அப்படி ஒரு தடவை, "சின்னப் பையனை எதுக்குப்பா இறக்கறீங்க" என்று சத்தம் போட்டார். பையன் நடுவரைப் பார்க்கவில்லை, கையை விரிக்கவில்லை, தலையைக் குனியவில்லை. திரும்பி ஓடினான். வகுப்பிலும் இதையேதான் பார்ப்பேன். கரும்பலகைக்கு வந்து தவறாக எழுதிய பிள்ளை சாக்பீஸை வைத்துவிட்டு ஓடுகிறதா, அழித்துவிட்டு மறுபடி எழுதுகிறதா?

மூன்றாவது, மூத்தவர்கள் அவனுக்குப் பந்து கொடுக்கிறார்களா என்பது. நிர்வாகி எதை வேண்டுமானாலும் சொல்லலாம், கூட இருக்கும் பிள்ளைகளை ஏமாற்ற முடியாது. ஓடகார்ட் நெருக்கடியில் தலை நிமிர்ந்து பார்க்கும்போது, பக்கத்தில் பாதுகாப்பான இடம் இருந்தும் இந்தப் பையனுக்குக் கொடுத்ததைப் பார்த்தேன். குழு வேலை கொடுக்கும்போது எந்தப் பிள்ளை பக்கம் நாற்காலிகள் நகர்கின்றன என்று பார்ப்பேனே, அது போல.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். ஆகஸ்ட் 23-ஆம் தேதி லீட்சை 5-0 என வென்ற ஆட்டத்தில் லீக்கில் அறிமுகமானான். வயது 15 ஆண்டு 235 நாள். பிரிமியர் லீக் வரலாற்றில் இரண்டாவது இளைய ஆட்டக்காரன். அன்றும் ஒரு பெனால்டி வாங்கிக் கொடுத்தான், யோகரெஷ் அடித்தார். மூத்தவர்கள் கால் கனத்துக் கிடந்த ஜூலையில் செய்ததையே, எல்லாரும் உண்மையாக ஆடுகிற ஆகஸ்டிலும் செய்தான். எனக்கு அதுதான் முக்கியம்.

இந்த இடத்தில் பிறந்த தேதியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தொடக்கப்பள்ளியில் இருக்கும் என் பழைய மாணவிகள் இதை உடனே பிடித்துக்கொள்வார்கள். டிசம்பர் 31. நம் ஊரில் பிறந்திருந்தால் டௌமன்தான் வகுப்பிலேயே கடைக்குட்டி. இந்த ஆண்டு உயர்நிலை நான்கில் உட்கார்ந்து ஆண்டிறுதித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருப்பான். இரண்டு நாள் தாமதமாகப் பிறந்திருந்தால் உயர்நிலை மூன்று. டிசம்பர்ப் பிள்ளைகள் தொடக்கநிலை ஒன்றில் பென்சில் பிடிக்கத் திணறுவதையும், ஜனவரிப் பிள்ளைகளோடு ஒப்பிட்டு அவர்களை "மெதுவான பிள்ளை" என்று சொல்வதையும் நாம் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்? இங்கிலாந்தில் ஆண்டு செப்டம்பர் முதல் தேதி தொடங்குகிறது. பள்ளிக்கும் அதுதான், காற்பந்துப் பயிற்சிக் கழகங்களுக்கும் அதுதான். அங்கே டிசம்பர்ப் பிள்ளை மூத்த பாதியில் வருகிறான். அந்தக் கழகங்களில் செப்டம்பர், அக்டோபர், நவம்பரில் பிறந்தவர்கள் கூட்டமாகவும், கோடையில் பிறந்தவர்கள் மிகக் குறைவாகவும் இருப்பதை ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கிறார்கள். பத்து வயதில் பத்து மாத வித்தியாசம் என்பது ஓர் அங்குல உயரம், கொஞ்சம் வேகம், ஒரு பயிற்றுநரின் கவனம். அந்தக் கவனம் அடுத்த ஆண்டு இன்னும் கொஞ்சம் கவனத்தைக் கொண்டுவரும். இதனால் டௌமனின் திறமை குறையப் போவதில்லை, பெரியவர்களுக்கு நடுவில் நின்றும் ஜொலிக்கிறவன் அவன். ஆனால் ஆகஸ்டில் பிறந்த எத்தனை டௌமன்கள் ஒன்பது வயதில் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்களோ என்ற எண்ணம் எனக்கு அந்த இரவு ரயிலில் வந்துகொண்டே இருந்தது.

அதே திடல், பத்து ஆண்டுகளுக்கு முன். 2015 ஜூலை 15. நம் சிங்கப்பூர் தெரிவு அணிக்கு எதிராக ஆர்சனல் 4-0. அன்று மூன்று கோல் போட்டவர் சுபா அக்போம், வயது 19. உங்களில் சிலர் அன்று என்னோடு வந்திருந்தீர்கள், ஞாபகம் இருக்கும். முன்கள ஆட்டக்காரருக்கு ஆர்சனல் அலைந்துகொண்டிருந்த நேரம். வீட்டிலேயே ஒருவன் வளர்ந்துவிட்டான் என்று அரங்கமே கொண்டாடியது. நம் பிள்ளைகளுக்கு எதிராகப் போட்ட கோலை எப்படி அளப்பது என்பதைக் கொண்டாட்டத்தில் யாரும் கேட்கவில்லை. நம் பிள்ளைகளும் பாவம், தொலைக்காட்சியில் பார்த்தவர்களை நேரில் பார்த்த மயக்கத்தில் பாதிநேரம் ஆடினார்கள்.

அக்போம் ஆர்சனலுக்காக அதிகாரபூர்வ ஆட்டம் ஒன்றில் ஒரு கோல் கூடப் போடவில்லை. இரவல், இரவல், மறுபடி இரவல். 2018-இல் கிரேக்க நாட்டு பாவோக் அணிக்கு அனுப்பிவிட்டார்கள். கொண்டாடியவர்களில் பாதிப்பேர் அவர் பெயரையே மறந்துவிட்டார்கள், மீதிப்பேர் கேலி செய்தார்கள். ஆனால் கதை அங்கே முடியவில்லை. பாவோக் 2019-இல் ஓர் ஆட்டம் கூடத் தோற்காமல் லீக்கை வென்றது. கிண்ணத்தையும் வென்றது, அந்த இறுதி ஆட்டத்தின் ஒரே கோல் அக்போமுடையது. பிறகு இங்கிலாந்தின் இரண்டாம் நிலை லீக்கில் மிடில்ஸ்பரோ. மைக்கேல் கேரிக் வந்து அவரை முன்வரிசையிலிருந்து கொஞ்சம் பின்னால் இழுத்து நிறுத்தினார். 2022-23 பருவத்தில் 28 லீக் கோல்கள். அந்த லீக்கின் அதிக கோல், ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர் விருது, அடுத்து அயாக்ஸ். அப்போது அவருக்கு 27 வயது. அந்த ஆண்டுகளில் பிள்ளை ஆளே மாறிவிடவில்லை. யாரோ ஒருவர் வேறு இடத்தில் நிற்கவைத்துப் பார்த்தார்.

மூன்று கோல் என்றதும் இன்னொருவரும் நினைவுக்கு வருகிறார். 2014 ஆகஸ்டில் எமிரேட்ஸ் கிண்ண ஆட்டத்தில் பென்ஃபிகாவுக்கு எதிராக யாயா சனோகோ நான்கு கோல் போட்டார். நம் ஊர் நேரத்துக்குத் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு பார்த்த ஆட்டம். ஆர்சனலுக்காக அதிகாரபூர்வமாக அவர் போட்ட கோல் மொத்தம் ஒன்று. ஆகவே ஜூலையில் போட்ட கோலை நான் எண்ணுவதே இல்லை. அதை மதிப்பெண் தாளில் ஓரமாகப் பென்சிலால் குறித்துக்கொள்வதோடு சரி.

அப்படியானால் 2018-ஐ என்ன சொல்வீர்கள் டீச்சர் என்று கேட்கப் போவது யார் என்றுகூட எனக்குத் தெரியும். நல்ல கேள்வி. 2018 ஜூலை 26, மறுபடி கல்லாங். அட்லெட்டிகோ மட்ரிட் 1-0 என முன்னிலை. இடைவேளை முடிந்து வந்த சில நிமிடங்களில், எமில் ஸ்மித் ரோ பெனால்டி எல்லைக்கு வெளியிலிருந்து அடித்தார். பதினெட்டு வயது நிறைய இன்னும் இரண்டு நாள் இருந்தது அவருக்கு. அது உலகக் கிண்ண ஆண்டு, இரு அணியிலும் முக்கியமானவர்கள் விடுமுறையில். ஆகவே கோலை விடுங்கள். எனக்குப் பிடித்தது, அவர் பந்து வாங்கிய இடம்தான். எதிரணியின் நடுவரிசைக்கும் பின்வரிசைக்கும் இடையில் இருக்கும் அந்தச் சந்தில் போய்ப் போய் நின்றார். சிறுவர்கள் பொதுவாக அங்கே நிற்கப் பயப்படுவார்கள், நாலு பக்கமும் ஆள். ஓரத்துக்கு ஓடினால் ஒரு பக்கமாவது கோடு இருக்கும்.

அந்தப் பிள்ளை நிலைபெற இரண்டரை ஆண்டு ஆனது. ஜெர்மனிக்கு இரவல் போய்க் காயம், ஹடர்ஸ்ஃபீல்டுக்கு இரவல், 2020 கிறிஸ்துமசுக்கு மறுநாள் செல்சியை 3-1 என வென்ற ஆட்டத்தில்தான் கதவு திறந்தது. 2021-22-இல் பத்து லீக் கோல்கள். பிறகு இடுப்புப் பகுதியில் அறுவைச் சிகிச்சை, இடம் போனது, 2024-இல் ஃபுல்ஹமுக்குப் போனார். அந்தக் கிளப் அதுவரை யாருக்கும் அவ்வளவு விலை கொடுத்ததில்லை. அந்த ஜூலை இரவில் நான் பார்த்தது சரியாகவே இருந்தது. ஆனால் காயத்தை எந்த ஆசிரியரும் முன்கூட்டிப் படிக்க முடியாது.

லிவர்பூல் கட்சிக்கும் நியாயம் செய்துவிடுகிறேன், இல்லாவிட்டால் தீபாவளிக்கு வீட்டுக்கு வரமாட்டார். ரியோ இங்குமோஹா. செல்சியில் வளர்ந்து லிவர்பூலுக்கு வந்தவன். இந்த ஜூலை 30-ஆம் தேதி ஜப்பானில் யோகோஹாமா அணிக்கு எதிராக இடப்பக்கத்திலிருந்து பந்தை ஓட்டிவந்து போட்ட கோலை எல்லாரும் எனக்கு அனுப்பிவிட்டீர்கள், ஒரே காணொளி ஒன்பது தடவை. நன்றி. ஐந்து நாள் கழித்து ஆன்ஃபீல்டில் அத்லெட்டிக் பில்பாவோவுக்கு எதிராகவும் ஒன்று. இரண்டும் அழகுதான். ஆனால் நான் அவனுக்கு மதிப்பெண் போட்டது ஆகஸ்ட் 25-இல், நியூகாசல் ஊரில். 2-2. காயத்துக்கான கூடுதல் நேரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே இறக்கினார்கள். நூறாவது நிமிடம். சாலா பந்தை உள்ளே அனுப்புகிறார், சோபோஸ்லாய் தொடுவதுபோல் காட்டித் தொடாமல் விடுகிறார், பந்து பையனிடம் வருகிறது. வயது 16 ஆண்டு 361 நாள். சுற்றி நின்ற கூட்டம் அந்த ஊரையே இடித்துவிடும்போல் கத்துகிறது. ஜூலைப் பழக்கத்தில் ஒரு பையன் அங்கே பந்தை நிறுத்தி ஒருவரைத் தாண்டிக் காட்டப் பார்ப்பான். இவன் நிறுத்தவே இல்லை; வந்த பந்தை அப்படியே, பலத்தை நம்பாமல், மூலை பார்த்து வைத்தான். யோகோஹாமாவில் ஆறு தொடுதல் தேவைப்பட்ட இடத்தில் நியூகாசலில் ஒன்று போதும் என்று அந்த வயதில் தெரிந்திருக்கிறது. என்னைக் கேட்டால் டௌமனுக்குக் கால் கொஞ்சம் கூடுதல், இங்குமோஹாவுக்கு நிதானம் கொஞ்சம் கூடுதல். இதை எழுதியதற்காக ஆர்சனல் குடும்பத்திலிருந்து என்னை நீக்கினாலும் பரவாயில்லை.

எனக்குக் கவலை இருப்பது இவர்கள் இருவர் மேலும் இல்லை. ஈத்தன் இன்வானேரி மேல்தான். பிரிமியர் லீக்கில் எல்லாரையும் விட இளையவனாக ஆடியவன் இவன்தான்: 2022 செப்டம்பரில் பிரெண்ட்ஃபர்டுக்கு எதிராக, 15 ஆண்டு 181 நாள். மூன்று ஆண்டுகளுக்கு முன் "அந்தப் பதினைந்து வயதுப் பையன்" என்று நீங்கள் கேட்டது இவனைப் பற்றி. அதற்கடுத்த லீக் ஆட்டம் அவனுக்கு 2024 பிப்ரவரியில்தான் கிடைத்தது. நடுவில் பலர் அவனை மறந்தே போனார்கள். சென்ற பருவத்தில் எல்லாப் போட்டிகளிலும் சேர்த்து 9 கோல். வலப்பக்கத்திலிருந்து உள்ளே வந்து இடது காலால் வளைத்து அடிப்பான், அழகு. இப்போது 18 வயது. புதிய ஒப்பந்தமும் போட்டிருக்கிறார்கள். ஆனால் சாக்கா இருக்கிறார், மடுவேக்கேயை வாங்கினார்கள், ஆகஸ்ட் 23 அன்று எபெரெச்சி எஸேயை வரவேற்றார்கள். அன்றைக்கே டௌமன் களமிறங்கினான். இன்வானேரி இதையெல்லாம் எங்கிருந்து பார்த்திருப்பான் என்று நினைத்துப் பார்த்தேன். வகுப்பில் முதல் மாணவனாக இருந்த பிள்ளைக்கு, தன்னைவிட இரண்டு வகுப்பு கீழே இருக்கும் பையன் தன் மேசைக்கு வந்து உட்கார்வதைப் பார்ப்பது சாதாரணமில்லை. அவன் ஆட்டத்தில் குறை எதையும் நான் பார்க்கவில்லை. அவனுக்கு வேண்டியது நிமிடங்கள். ஜனவரிக்குள் அது கிடைக்காவிட்டால் இரவலாக எங்காவது போய் ஆடுவதே நல்லது என்பது என் கட்சி. உட்கார்ந்து கற்க வேண்டிய வயதை அவன் தாண்டிவிட்டான்.

இந்தப் பிள்ளைகளின் வயதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். பிள்ளைப் பாதுகாப்பு விதிகளின்படி பதினெட்டு நிறையாத ஆட்டக்காரர் பெரியவர்களோடு ஒரே அறையில் உடை மாற்றக் கூடாது. இன்வானேரி அப்படித்தான் தனியறையில் மாற்றிக்கொண்டிருந்தான், இப்போது டௌமன். அறுபதாயிரம் பேர் பெயர் சொல்லிக் கூப்பிட்ட ஆட்டம் முடிந்து, தனியாகப் போய் சட்டை மாற்றிக்கொண்டு, வீட்டுக்குப் போய், திங்கட்கிழமை பாடம். அவன் வயதுப் பிள்ளைகள் அங்கே அடுத்த ஆண்டு மத்தியில் ஜிசிஎஸ்இ தேர்வு எழுதுவார்கள். லமீன் யமால் 2024 யூரோ போட்டிக்குப் பள்ளி வீட்டுப்பாடத்தையும் எடுத்துக்கொண்டு போனதாகச் செய்தி வந்தபோது எனக்கு அவன் கோலைவிட அது பிடித்திருந்தது. ஆசிரியப் புத்தி, போகாது.

இனி ஒரு குடும்ப விஷயம். பெயர் சொல்லாமல் எழுதுகிறேன். அவன் அம்மாவிடம் கேட்டுவிட்டேன். என்னோடு நியூகாசல் ஆட்டத்துக்கு வந்த பேரன் ஆகஸ்டில் ஓர் அணிக்கான தேர்வுக்குப் போனான். ஒரே ஒரு மாலை. திடல் நிறையப் பையன்கள், ஆளுக்குப் பத்து நிமிடம் ஆட்டம். எடுக்கவில்லை. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அவன் அம்மா என்னைக் கூப்பிட்டாள்: "பெரியம்மா, இவனுக்கு இது சரிப்பட்டு வருமா? இல்ல படிப்பை மட்டும் பாருன்னு சொல்லிடட்டுமா?"

அவளுக்கு உடனே பதில் சொல்ல முடியவில்லை. ஏனென்றால் அந்தக் கேள்வியை நான் வேறு வடிவத்தில் இருபத்தைந்து ஆண்டு கேட்டிருக்கிறேன். பன்னிரண்டு வயதில் ஒரு தேர்வு, அதன் எண்ணை வைத்து விரைவுநிலை, வழக்கநிலை, தொழில்நுட்பப் பிரிவு என்று பிரித்து அனுப்புவார்கள். உயர்நிலை ஒன்றின் முதல் நாளில் என் வகுப்புக்குள் வந்த சில பிள்ளைகள் முகத்தில் அந்த முடிவு ஏற்கெனவே எழுதியிருக்கும். பெயரைக் கேட்டால் பெயரோடு பிரிவையும் சேர்த்துச் சொல்வார்கள். அந்தப் பிரிவுகள் சென்ற ஆண்டிலிருந்து இல்லை. ஆனால் அப்போது அப்படி உட்கார்ந்திருந்தவர்களில் பலர் இந்தப் பதிவைப் படிப்பீர்கள். உங்களில் ஒருவர் இன்று விமானப் பழுதுபார்ப்பில் நாற்பது பேருக்கு மேலாளர். ஒருவர் தாதி, என் அறுவைச் சிகிச்சையின்போது இரவெல்லாம் பக்கத்தில் இருந்தார். ஒருவர் தமிழாசிரியர், என்னைவிட நன்றாகப் பாடம் நடத்துகிறார் என்று அவருடைய மாணவர்களே என்னிடம் சொல்கிறார்கள்.

பிள்ளையின் அம்மாவிடம் நான் சொன்னது இவ்வளவுதான். அன்று மாலை பார்த்தவர்கள் அன்று மாலையைத்தான் பார்த்தார்கள். பத்து நிமிடத்தில் யார் உயரம், யார் வேகம் என்பது தெரியும். பந்து வருவதற்கு முன் யார் திரும்பிப் பார்த்தான் என்பதை அத்தனை பேரில் யாரும் பார்த்திருக்க முடியாது. உன் மகனுக்குத் திறமை இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அரங்கத்தில் நான் சொன்ன பத்து நிமிடத்தில் அவன் கண்டு சொன்னதைப் பெரியவர்கள் பலரால் சொல்ல முடியாது. அடுத்த தேர்வு ஜனவரியில் இருக்கிறது. அதுவரை புளோக் அடியில் பந்தைச் சுவரில் அடித்து வாங்கட்டும். ஒவ்வொரு முறையும் வாங்குவதற்கு முன் தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்க்கட்டும். படிப்பையும் பார்க்கட்டும், அதில் எனக்கு இரண்டாவது பேச்சு இல்லை. அவனாக ஒருநாள் போதும் என்று சொன்னால் விட்டுவிடு. அதுவரை நீ சொல்லாதே.

இப்போது பந்து சுவரில் படும் சத்தம் கேட்கிறதாம். மூன்றாம் மாடி ஆன்ட்டி புகார் செய்யாமல் இருக்க வேண்டும்.

டௌமனுக்கு வருகிறேன். கேட்டீர்கள், பதில் சொல்லியாக வேண்டும். அவன் அடுத்த மெஸ்ஸியா என்பதைக் கேட்காதீர்கள். நான் பார்த்த வரையில் இந்த வயதில் இவ்வளவு முன்கூட்டிப் பார்க்கிற, விழுந்தால் முறையிடாமல் எழுகிற பையன் நம் திடலில் ஆடியதில்லை. இந்தப் பருவத்தில் அவன் இருநூறு நிமிடம் ஆடினால் போதும், அதற்கு மேல் ஆடினால் நான் அர்டெட்டாவைத் திட்டுவேன். இனி எதிரணியினர் அவனை அறிந்து வருவார்கள், இடது காலை மறிப்பார்கள், காலை மிதிப்பார்கள். அப்போது வலது காலால் என்ன செய்கிறான் என்று பார்க்க வேண்டும். இரண்டு ஆட்டங்களில் நான் அதைப் பார்க்கவில்லை, ஆகவே அந்தக் கட்டத்தில் இன்னும் மதிப்பெண் போடவில்லை.

13-ஆம் தேதி நாட்டிங்ஹம் ஃபாரஸ்ட், நம் நேரம் மாலை 7.30. அதிசயமாகத் தூக்கம் கெடாத நேரம். வீட்டில்தான் பார்க்கிறேன். வருகிறவர்கள் வியாழனுக்குள் சொல்லிவிடுங்கள், கொண்டைக்கடலை ஊறப்போட வேண்டும். லிவர்பூல் கட்சியினரும் வரலாம், சிவப்புச் சட்டை வேறுபாடு எனக்குத் தெரியாது என்று வைத்துக்கொள்கிறேன்.